கஸ்டம் ஓஐடி: தேடுவதும் பகிர்வதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நெட்வொர்க் ஸ்கேனர் (நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் எப்படியும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள்: சாதனம் பட்டியலில் தெரிகிறது, நமக்கு வேண்டிய தகவல் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தத் தகவலுக்குரிய எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் தகவல் கேட்கப் பயன்படும் நெறிமுறை) அடையாள எண்ணை, அதாவது ஓஐடியை, நாமே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஓஐடின்னா என்ன? ஏன் இவ்வளவு நீளமான நம்பரா இருக்கு?

சாதனத்திடம் கேட்கக்கூடிய ஒவ்வொரு தகவலுக்கும் உலகம் முழுக்க ஒரே முகவரி இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த எண் அது. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்; ஒவ்வொரு புள்ளியைத் தாண்டும்போதும் ஒரு கிளை கீழே இறங்குகிறோம்.

நமக்கு முக்கியமானவை இரண்டே கிளைகள். 1.3.6.1.2.1 என்று தொடங்கினால் அது எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான தரநிலைக் கிளை. 1.3.6.1.4.1 என்று தொடங்கினால் அது நிறுவனங்களின் சொந்தக் கிளை. அதற்கு அடுத்த எண் எந்த நிறுவனம் என்று சொல்லிவிடும். 9 என்றால் சிஸ்கோ, 11 எச்பி, 318 ஏபிசி, 2636 ஜூனிப்பர், 14988 மைக்ரோடிக். இந்த எண்களை வழங்குவது ஐயானா அமைப்பு. முழுப் பட்டியலும் பொதுவில் கிடைக்கிறது.

பிரிண்டரை ஸ்கேனர் கண்டுபிடிச்சிடுது, ஆனா சீரியல் நம்பர் காலி. கஸ்டம் ஓஐடி போட்டே ஆகணுமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் பொதுக் கிளையில் பாருங்கள். பிரிண்டர்களுக்கென்றே 1.3.6.1.2.1.43 என்ற தனிப் பகுதி இருக்கிறது. சீரியல் நம்பர் 1.3.6.1.2.1.43.5.1.1.17.1 என்ற இடத்திலும், இதுவரை அச்சிட்ட பக்க எண்ணிக்கை 1.3.6.1.2.1.43.10.2.1.4.1.1 என்ற இடத்திலும் பெரும்பாலும் கிடைக்கும். யூபிஎஸ்களுக்கு 1.3.6.1.2.1.33 இருக்கிறது. அதில் 1.3.6.1.2.1.33.1.2.4.0 என்பது பேட்டரியில் மீதமுள்ள சதவீதம். சுவிட்ச், ரௌட்டர் என்றால் 1.3.6.1.2.1.47.1.1.1.1.11 என்ற நெடுவரிசையில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும், .13 என்ற நெடுவரிசையில் மாடல் பெயரும் இருக்கும்.

பொதுக் கிளையில் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. நாளைக்கு வேறு நிறுவனத்தின் சாதனம் வந்து சேர்ந்தாலும் அந்த எண் அப்படியே வேலை செய்யும். சொந்தக் கிளைக்குள் போவது, பொதுக் கிளை கைவிட்ட பிறகுதான்.

சாதனம் பதிலே சொல்ல மாட்டேங்குது. ஓஐடி தப்பா?

பெரும்பாலும் ஓஐடிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. 1.3.6.1.2.1.1.1.0 என்பதைக் கேட்டுப் பாருங்கள். சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரண வரி அது. எஸ்என்எம்பி பேசும் எந்தச் சாதனத்திலும் இருக்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் எஸ்என்எம்பி அணைந்திருக்கலாம், எஸ்என்எம்பி கேள்விகள் போகும் யூடிபி 161 வழியை ஃபயர்வால் மறித்திருக்கலாம், கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (சாதனத்திடம் கேட்கும்போது கடவுச்சொல் போலக் கொடுக்கும் சொல்) பொருந்தாமல் இருக்கலாம், அல்லது உங்கள் ஸ்கேனர் இருக்கும் ஐபியைச் சாதனத்தின் அனுமதிப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். கம்யூனிட்டி தவறாக இருந்தால் பெரும்பாலான சாதனங்கள் மறுப்பு எதுவும் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். அதனால் டைம்அவுட் என்று வந்தால் முதல் சந்தேகம் கம்யூனிட்டி மேல்தான் இருக்க வேண்டும்.

சரி, என் மாடலுக்கான ஓஐடியை எங்கேதான் தேடுறது?

முதல் படி, சாதனத்தையே கேட்பது. 1.3.6.1.2.1.1.2.0 என்பது சிஸ்ஆப்ஜெக்ட்ஐடி. நான் யார் என்று சாதனம் ஓஐடி வடிவிலேயே பதில் சொல்லும் இடம். பதில் 1.3.6.1.4.1.14988 என்று தொடங்கினால் மைக்ரோடிக்கின் மிப் ஃபைலைத் தேட வேண்டும் என்று புரிந்துவிடும். மிப் ஃபைல் என்பது அந்த நிறுவனத்தின் எண்களுக்கெல்லாம் பெயரும் விளக்கமும் எழுதி வைத்த உரைக் கோப்பு. தயாரிப்பாளரின் டவுன்லோடு பக்கத்தில், ஃபர்ம்வேருக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும்.

இன்னொரு நல்ல இடம், திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருள்களின் களஞ்சியங்கள். லிப்ரஎன்எம்எஸ் தன்னுடன் ஏராளமான நிறுவனங்களின் மிப் ஃபைல்களையும், எந்தச் சாதனத்தில் எந்த ஓஐடியைக் கேட்பது என்ற வரையறைகளையும் வைத்திருக்கிறது. ஜாபிக்ஸ் டெம்ப்ளேட்களிலும் ஓஐடிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பயன்படுத்துவது வேறு ஸ்கேனராக இருந்தாலும் பரவாயில்லை, ஓஐடி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அடிக்கடி தேவைப்படுற சில ஓஐடியை நீங்களே கொடுத்துடக் கூடாதா?

சீரியல் நம்பரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் அது மட்டும். மைக்ரோடிக்: 1.3.6.1.4.1.14988.1.1.7.3.0. ஃபோர்டிகேட்: 1.3.6.1.4.1.12356.100.1.1.1.0. ஜூனிப்பர்: 1.3.6.1.4.1.2636.3.1.3.0. சினாலஜி: 1.3.6.1.4.1.6574.1.5.2.0; அதே சினாலஜியில் கடைசி 2.0 என்பதை 1.0 என்று மாற்றினால் மாடல் பெயர். ஏபிசி யூபிஎஸ்: 1.3.6.1.4.1.318.1.1.1.1.2.3.0. உங்கள் சாதனத்தில் ஒருமுறை கேட்டு, ஸ்டிக்கரில் இருப்பதோடு ஒப்பிட்ட பிறகே ஸ்கேனரில் சேருங்கள்.

மிப் ஃபைல் கிடைச்சுது. திறந்தா எங்கேயும் முழு நம்பர் இல்லையே?

இருக்காது. ஒவ்வொரு பெயரும் தன் தாய்க் கிளையின் பெயரையும் தன் ஒற்றை எண்ணையும் மட்டுமே சொல்லும். ::= என்ற குறிக்குப் பிறகு அடைப்புக்குள் அது இருக்கும். தாயின் தாய் என்று மேலே போய்க்கொண்டே இருந்தால் முழு எண் கிடைத்துவிடும். கையால் செய்யத் தேவையில்லை. நெட்-எஸ்என்எம்பி என்ற திறந்த மூலக் கருவித் தொகுப்பில் உள்ள எஸ்என்எம்பிடிரான்ஸ்லேட் கட்டளையோ எந்த மிப் பிரவுசரோ இதைச் செய்துவிடும். ஃபைல் ஏறவில்லை என்றால், அது மேலே இம்போர்ட்ஸ் பகுதியில் குறிப்பிடும் மற்ற மிப் ஃபைல்கள் உங்களிடம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அவற்றையும் சேர்த்து இறக்குங்கள்.

எண்ணைவிட முக்கியமானது அதைச் சுற்றி எழுதியிருப்பது. சின்டாக்ஸ் வரி மதிப்பின் வகையைச் சொல்லும், யூனிட்ஸ் வரி அலகைச் சொல்லும், டிஸ்க்ரிப்ஷன் பகுதி என்ன அளக்கிறது என்பதைச் சொல்லும். அனுமதி வரியில் 'நாட்-ஆக்ஸசிபிள்' என்றிருந்தால் அந்த ஓஐடியைக் கேட்டுப் பயனில்லை. அது அட்டவணையின் கட்டமைப்பாகவோ சாவியாகவோ மட்டுமே இருக்கிறது.

மிப் ஃபைலே கிடைக்கலை. வேற வழி இருக்கா?

இருக்கிறது, வேலையும் சுவாரசியமாக இருக்கும். எஸ்என்எம்பிவாக் கட்டளையால் சாதனம் சொல்வதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கவனம்: தொடக்க ஓஐடி கொடுக்காமல் ஓட்டினால் நெட்-எஸ்என்எம்பியின் வாக் பொதுக் கிளையை மட்டும் சுற்றிவிட்டு நின்றுவிடும். சொந்தக் கிளை வேண்டுமென்றால் 1.3.6.1.4.1 என்று நீங்களே கொடுக்க வேண்டும். 'இந்தச் சாதனத்துல ஒண்ணுமே இல்லை' என்று கைவிட்ட பலர் இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள். கூடவே, வெளியீடு எண் வடிவிலேயே வரும்படி விருப்பத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பாதி பெயர், பாதி எண் என்று வந்தால் தேடுவது கடினம்.

அப்புறம், தெரிந்த மதிப்பை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைக் கோப்பில் தேடினால் அது இருக்கும் ஓஐடி பக்கத்திலேயே தெரியும். கிடைக்கவில்லை என்றால் அது கோப்பில் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) வடிவில் எழுதப்பட்டிருக்கலாம். ஹெக்ஸ் வரிகளையும் எழுத்துகளாக மாற்றிப் பாருங்கள். மாறும் மதிப்புகளுக்கு வேறு உத்தி: ஒரு வாக் எடுங்கள், சாதனத்தில் ஒரே ஒரு செயலைச் செய்யுங்கள், மறுபடி ஒரு வாக் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் அச்சிட்ட பிறகு சரியாக ஒன்று கூடியிருக்கும் எண்கள் மிகச் சிலவாகவே இருக்கும். அவற்றில் ஒன்றுதான் பக்க எண்ணிக்கை. எது என்று உறுதி செய்ய, அடுத்து நிறத்தில் ஒன்று, கருப்பில் ஒன்று என்று அச்சிட்டுப் பார்த்தால் போதும்.

சிலதுல கடைசியில் .0 இருக்கு, சிலதுல இல்லை. போடணுமா வேண்டாமா?

சாதனத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் தகவலுக்கு .0 கட்டாயம். சாதனப் பெயர் ஒன்றுதான், எனவே 1.3.6.1.2.1.1.5.0. மிப் ஃபைலில் தேடினால் .0 இல்லாமல்தான் கிடைக்கும், ஸ்கேனரில் எழுதும்போது நீங்கள் சேர்க்க வேண்டும்.

பலவாக இருக்கும் தகவல்கள் அட்டவணையில் இருக்கும். அங்கே .0 வராது, எந்த வரிசை என்று சொல்லும் இன்டெக்ஸ் வரும். அது எப்போதும் 1, 2, 3 என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுவிட்சின் மேக் அட்டவணையில் மேக் முகவரியே (சாதனத்தின் வன்பொருள் முகவரியே) இன்டெக்ஸ். 00:11:22:33:44:55 என்ற முகவரிக்கான போர்ட் எது என்று கேட்க, 1.3.6.1.2.1.17.4.3.1.2 என்பதன் பின்னால் 0.17.34.51.68.85 சேர்க்க வேண்டும். ஹெக்ஸ் எண்கள் பத்தடிமானத்துக்கு மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரே மாடல் ரெண்டு இருக்கு. ஒண்ணுல வேலை செய்யுது, இன்னொண்ணுல செய்யலை. எப்படி?

மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது இன்டெக்ஸ். முன்பு சொன்ன 1.3.6.1.2.1.47 அட்டவணையில் சாஸியின், அதாவது சாதனத்தின் முழு உடலின், இன்டெக்ஸ் பல சாதனங்களில் 1; சில சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச்களில் 1001, பல சுவிட்ச்களை ஒன்றாக இணைத்து ஸ்டாக் செய்திருந்தால் இரண்டாவது சுவிட்சுக்கு 2001. எண்ணை இறுக்கி எழுதினால் ஒன்றில் கிடைக்கும், மற்றதில் கிடைக்காது. இன்டர்ஃபேஸ் இன்டெக்ஸ்கூட சில சாதனங்களில் ரீபூட் ஆனதும் மாறிவிடும்.

இரண்டாவது ஃபர்ம்வேர் பதிப்பு. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: வியூ என்ற கட்டுப்பாடு. ஒரு கம்யூனிட்டிக்கு மரத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சாதனத்திலேயே வரையறுக்கலாம். அப்படி மறைத்த பகுதி, இல்லாத பகுதி மாதிரியே தோன்றும்.

'நோ சச் ஆப்ஜெக்ட்', 'நோ சச் இன்ஸ்டன்ஸ்' ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது, அந்த வகைத் தகவலே என்னிடம் இல்லை என்கிறது, கிளையே தவறு. இரண்டாவது, தகவல் இருக்கிறது, நீங்கள் கேட்ட இன்டெக்ஸ் இல்லை என்கிறது. வால் தவறு, அதாவது .0 விட்டுப்போயிருக்கலாம் அல்லது மேலே சொன்ன 1, 1001 விவகாரமாக இருக்கலாம். எல்லாச் சாதனங்களும் இதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை, ஆனாலும் நல்ல தடயம்.

எஸ்என்எம்பியின் பழைய பதிப்பான வி1 இப்படிப் பிரித்துச் சொல்லாது. அதில் ஒரே கேள்வியில் பத்து ஓஐடி கேட்டு அதில் ஒன்று இல்லாவிட்டாலும் முழுக் கேள்விக்கும் பிழைதான் திரும்பி வரும், மற்ற ஒன்பதின் மதிப்பும் கிடைக்காது. கஸ்டம் ஓஐடி சேர்த்த பிறகு, அதுவரை வந்துகொண்டிருந்த தகவலும் நின்றுவிட்டது என்றால் ஸ்கேனர் வி1-இல் பேசுகிறதா என்று பாருங்கள். அடுத்த பதிப்பான வி2சி-க்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

மதிப்பு வருது, ஆனா அபத்தமா இருக்கு. டோனர் அளவு -3ங்குது!

அது பிழை இல்லை. பிரிண்டர் தரநிலையில் -3 என்றால் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது, சரியான அளவு தெரியாது என்று பொருள். -2 என்றால் அளவே தெரியாது. நேர்எண்ணாக வந்தாலும் அது சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1.3.6.1.2.1.43.11.1.1.9 தற்போதைய அளவு, அதே இடத்தில் .8 முழுக் கொள்ளளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால்தான் சதவீதம்.

இந்த மாதிரி நிறைய இருக்கிறது. யூபிஎஸ் தரநிலையில் மின் அதிர்வெண் பத்தில் ஒரு பங்கு ஹெர்ட்ஸில் வரும், எனவே 500 என்றால் 50 ஹெர்ட்ஸ். சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது நூறில் ஒரு பங்கு வினாடியில் வரும். 8640000 என்றால் ஒரு நாள். அது 32 பிட் எண் என்பதால் ஏறத்தாழ 497 நாளில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். சாதனம் ரீபூட் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். போர்ட் வழியே உள்ளே வந்த பைட் எண்ணிக்கைக்கும் 32 பிட் கவுண்டர் வேகமான இணைப்பில் சீக்கிரமே சுற்றிவிடும், 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற 64 பிட் கவுண்டரைக் கேளுங்கள், அதற்கும் வி2சி அல்லது வி3 வேண்டும்.

எந்தச் சாதனத்துக்கு எந்த ஓஐடின்னு ஸ்கேனருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

சிஸ்ஆப்ஜெக்ட்ஐடியை நிபந்தனையாக வைப்பதுதான் சரியான வழி. சாதனப் பெயரை வைத்துப் பொருத்துவது நிலைக்காது, யாராவது பெயரை மாற்றினால் போயிற்று.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. உள்ளே லினக்ஸ் ஓடும் பல சாதனங்கள் நெட்-எஸ்என்எம்பியை அப்படியே வைத்திருப்பதால் 1.3.6.1.4.1.8072.3.2.10 என்று பதில் சொல்லும். அது லினக்ஸில் ஓடும் நெட்-எஸ்என்எம்பி என்பதைத்தான் காட்டும். சேமிப்பகமா, கேமராவா, சர்வரா என்று தெரியாது. அந்த ஓஐடியை வைத்து விதி எழுதினால் எல்லா லினக்ஸ் சர்வரும் அதில் மாட்டும். இங்கே விவரண வரியையும் சேர்த்துப் பாருங்கள், அல்லது அந்த நிறுவனத்தின் சொந்தக் கிளையில் ஒரு மதிப்பு இருக்கிறதா என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

இணையத்துல யாரோ போட்ட ஓஐடியை அப்படியே போட்டா சாதனத்துக்கு ஏதாவது ஆயிடுமா?

படிக்கும் கேள்வி அமைப்பை மாற்றாது. மாற்றுவது செட் கட்டளை. ஸ்கேனருக்குப் படிக்க மட்டும் அனுமதியுள்ள கம்யூனிட்டியைக் கொடுத்திருந்தால் அந்தப் பயமே இல்லை. கவனிக்க வேண்டியது சுமையை. சின்னச் சாதனங்களின் பிராசஸர் முழு வாக்கில் திணறும், அதனால் ஸ்கேனரில் குறிப்பிட்ட ஓஐடிகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். வாக் என்பது ஆராயும்போது மட்டும்.

நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், பகிரணும். நம்பரைப் போட்டா போதும்ல?

போதாது. வெறும் எண்ணைப் பார்ப்பவருக்கு, அது தன் சாதனத்துக்குப் பொருந்துமா, வந்த மதிப்பு சரியா என்று எதுவுமே தெரியாது. மறுபடி அவர் முதலிலிருந்து தேட வேண்டும். அப்படிப் பகிர்ந்து யாருக்கு என்ன பயன்?

நீங்கள் எழுத வேண்டியவை: சாதனத்தின் சரியான மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, சிஸ்ஆப்ஜெக்ட்ஐடி, விவரண வரி. ஓஐடியைப் பெயராக எழுதாமல், முழு எண் வடிவில், .0 அல்லது இன்டெக்ஸுடன். எந்த எஸ்என்எம்பி பதிப்பில் சோதித்தீர்கள் என்பது. சாதனம் தந்த மூல மதிப்பு, அதன் வகை, அதை எப்படி மாற்றிப் படிப்பது என்பது: 500 வந்தது, பத்தால் வகுக்க வேண்டும் என்கிற மாதிரி. அட்டவணையாக இருந்தால் இன்டெக்ஸ் எதைக் குறிக்கிறது என்பது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சரிதான் என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்று ஒரு வரி. 'ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன்', 'மிப் ஃபைலில் விளக்கம் படித்தேன்', 'ஒரு பக்கம் அச்சிட்டதும் ஒன்று கூடியது', இப்படி. ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். வேலை செய்யாத ஓஐடியும், எந்த ஃபர்ம்வேரில் வேலை செய்யவில்லை என்பதும்கூட மதிப்புள்ள தகவல். அதையும் பகிருங்கள்.

முழு வாக் வெளியீட்டையே போட்டுடுறேனே, தேவையானவங்க தேடிக்கட்டும்?

தயவுசெய்து வேண்டாம். உங்கள் நெட்வொர்க்கின் வரைபடமே அதில் இருக்கும். பொறுப்பாளர் பெயர், சாதனம் இருக்கும் இடம், ஐபி முகவரிகள், ரூட்டிங் அட்டவணை, பக்கத்துச் சாதனங்களின் மேக் முகவரிகள். சர்வராக இருந்தால் ஓடும் நிரல்களின் பட்டியலும் வரும், 1.3.6.1.2.1.25.4.2.1.5 என்ற நெடுவரிசையில் அந்த நிரல்களுக்குக் கட்டளை வரியில் கொடுத்த விவரங்கள் வரும். யாராவது அங்கே கடவுச்சொல் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

தேவையான சில வரிகளை மட்டும் வெட்டி எடுங்கள். மறைக்கும்போது வலப்பக்கத்து மதிப்பை மட்டும் பார்த்தால் போதாது. முன்பு சொன்ன மேக் அட்டவணை மாதிரி, இடப்பக்கத்து ஓஐடிக்குள்ளேயே மேக் முகவரியும் ஐபி முகவரியும் இன்டெக்ஸாக உட்கார்ந்திருக்கும். ஹெக்ஸ் வரிகளுக்குள்ளும் எழுத்துகள் ஒளிந்திருக்கும். சீரியல் நம்பரை அழிக்காமல், அதே நீளத்தில், அதே வடிவில் பொய்யான ஒன்றை வையுங்கள். படிப்பவருக்கு வடிவமாவது தெரியும்.

எங்க கம்யூனிட்டி ஸ்ட்ரிங் 'பப்ளிக்'தான். அதை எழுதினா என்ன தப்பு?

எதுவாக இருந்தாலும் எழுத வேண்டாம். அப்புறம், முடிந்தால் இன்றே அதை மாற்றுங்கள். வி1, வி2சி இரண்டிலும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் மறையாக்கம் இல்லாமல் கம்பியில் போகிறது; 'பப்ளிக்' என்பது எல்லோரும் முதலில் முயலும் சொல். சாதனம் வி3 பேசும் என்றால் பயனர் பெயர், அங்கீகாரம், மறையாக்கம் மூன்றோடும் அமைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பகிரும் ஓஐடிகள் எதுவும் இதனால் மாறாது.

மிப் ஃபைலையும் சேர்த்துப் பகிரலாமா?

ஃபைலின் தலைப்பில் உரிமக் குறிப்பு இருக்கும், அது அனுமதித்தால் பகிரலாம். இல்லையென்றால் ஃபைலின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிட்டு, தயாரிப்பாளரிடமிருந்தே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்களோட சொந்த ஸ்கிரிப்ட் தர்ற மதிப்பையும் ஸ்கேனர் எடுக்கணும். நாங்களே ஒரு ஓஐடி உருவாக்கலாமா?

உருவாக்கலாம், ஆனால் மனதில் தோன்றிய எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இன்னொரு நிறுவனத்துடையதாக இருக்கலாம். ஐயானாவிடம் விண்ணப்பித்தால் நிறுவன எண் இலவசமாகவே கிடைக்கும். ஆவணத்தில் எடுத்துக்காட்டு எழுத மட்டும் என்றால் 32473 என்ற எண்ணை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸ் சர்வரில் ஸ்கிரிப்டின் விடை மட்டும் வேண்டும் என்றால் சொந்த எண்ணே தேவையில்லை. நெட்-எஸ்என்எம்பியின் எக்ஸ்டெண்ட் வசதியில் ஸ்கிரிப்டைப் பதிவு செய்தால் போதும், அதன் முதல் வரி 1.3.6.1.4.1.8072.1.3.2.3.1.1 என்பதன் கீழ் வந்துவிடும். வால்தான் விசித்திரமாக இருக்கும்: நீங்கள் வைத்த பெயரின் நீளம், பிறகு ஒவ்வோர் எழுத்தின் ஆஸ்கி எண். ஆங்கிலத்தில் டெம்ப் என்று நான்கெழுத்துப் பெயரைச் சிறிய எழுத்துகளில் வைத்தால் வால் 4.116.101.109.112.

ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணினதும் பழைய ஓஐடி போச்சு. நம்பரை மாத்திடுவாங்களா?

விதிப்படி, ஒருமுறை வெளியிட்ட எண்ணை வேறு பொருளுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஆனால் ஒரு எண்ணைக் கைவிடலாம். புதிய மிப் ஃபைலில் அந்தப் பெயரைத் தேடி ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள். 'டெப்ரிகேட்டட்' அல்லது 'அப்சலீட்' என்றிருந்தால், அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது என்று டிஸ்க்ரிப்ஷனிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அப்டேட்டில் வியூ அமைப்பு பழைய நிலைக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். பழைய எண்ணை நீங்கள் முன்பே எங்காவது பகிர்ந்திருந்தால், எந்தப் பதிப்பிலிருந்து எது மாறியது என்று அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.